காலுல கட்டுன சென்சார், காதுல கேட்ட பீப்

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல ஒரு ரவுண்டு 2.5 கிலோமீட்டர், நாலு ரவுண்டு போனா பத்து, அதுதான் என் ஞாயித்துக்கிழமை ஓட்டம். போன வருஷம் மழை முடிஞ்ச சமயத்துல ரெண்டாவது ரவுண்டுலயே வலது முழங்காலுக்குக் கீழ உள்பக்கமா எலும்பு ஓரத்துல வலி பிடிக்க ஆரம்பிச்சுது. ஷூ மாத்துனேன், ஐஸ் வெச்சேன், பத்து நாள் ஓடாம இருந்தேன், திரும்ப ஓடுனா அதே எடத்துல அதே வலி. எலும்புல கீறல் எதுவும் இல்ல, ஷின் ஸ்ப்ளின்ட் தான் (ஓடி ஓடி கீழ்க்கால் எலும்பு ஓரத்துல வர்ற வலி)னு டாக்டர் பாத்து சொன்னப்புறம் தான் பிசியோகிட்ட போனேன். இந்த வலி இருக்கறவங்க அதை மட்டும் மொதல்ல செக் பண்ணிக்கோங்க ப்ளீஸ்.

பிசியோ பொண்ணு என் ரெண்டு கணுக்காலுக்கும் மேல, உள்பக்க எலும்பை ஒட்டி, தீப்பெட்டியை விட சின்னதா காலுக்கொரு ஆக்ஸிலரோமீட்டர்ங்கற சென்சாரை வெச்சு பட்டையால இறுக்கிக் கட்டி ட்ரெட்மில்ல ஓட விட்டாங்க. பாதம் தரையில படுறப்போ எலும்புல ஏறுற இம்பாக்ட்டை அது அளக்கும். இடது காலுக்கு 6 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஆறு மடங்கு), வலது காலுக்கு 9ஐத் தாண்டுது. இத்தனை வருஷமா ரெண்டு காலும் ஒரே மாதிரி தான் விழுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

அடுத்து வலது காலுக்கு 7னு லிமிட் வெச்சாங்க, தாண்டுனா ஹெட்போன்ல பீப். "எப்படி ஓடணும்னு நான் சொல்ல மாட்டேனுங்ணா, பீப் வராத மாதிரி ஓடிப் பாருங்க"ன்னாங்க. மொத ரெண்டு நிமிஷம் ஒவ்வொரு வலது அடிக்கும் பீப். முன்பாதத்துல ஊணிப் பாத்தேன், நிக்கல, முதுகை நிமித்துனேன், அப்பவும் நிக்கல, அப்புறம் காலை முன்னாடி வீசிப் போடாம இடுப்புக்கு நேர் கீழ விழுற மாதிரி அடியை சின்னதாக்குனதும் பீப் விட்டு விட்டு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல பத்து அடிக்கு ஒண்ணுன்னு ஆயிடுச்சு. வாட்ச்ல நம்பரைப் பாக்குறதுக்குள்ள அந்த அடி போயிடும், எது தப்புன்னு காலுக்குத் தெரியாது. சத்தம் அந்த அடியிலயே வந்துடுது, அதனால தான் உடம்பு பிடிச்சுக்குது.

பெல்ஜியத்துல கென்ட் யூனிவர்சிட்டி ஆளுங்க இதையே பாட்டு வெச்சு செஞ்சிருக்காங்க, இம்பாக்ட் கூடக் கூட பாட்டு மேல இரைச்சல் ஏறும், மெதுவா விழுந்தா பாட்டு தெளிவாயிடும். படிச்சப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.

நான் பண்ணுன தப்பையும் சொல்லிடறேன். என் கேடன்ஸ் நிமிஷத்துக்கு 158 அடி, 5 சதவீதம் மட்டும் ஏத்துங்க, 166 போதும்னு சொல்லியிருந்தாங்க. 1984 ஒலிம்பிக்ஸ்ல ஜாக் டேனியல்ஸ்ங்கற கோச் எண்ணிப் பாத்தப்போ கிட்டத்தட்ட எல்லாருமே 180க்கு மேல ஓடுனாங்கன்னு படிச்சிட்டு நான் வாட்ச்ல தாளம் தட்டுற மெட்ரோனோமை நேரா 180ல வெச்சு எட்டு கிலோமீட்டர் ஓடிட்டேன். மறுநாள் படி எறங்க முடியாத அளவுக்கு ஆடுசதை இறுகிப் போச்சு, ஒரு வாரம் வீண். அது பந்தய வேகத்துல ஓடுறவங்க கணக்கு, என் வேகத்துக்கு அது பொருந்தாது. 162, அப்புறம் 166னு ரெண்டு ரெண்டு வாரமா ஏத்துனப்புறம் பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, பட்டை லூஸா இருந்தா சென்சார் ஆடி நம்பர் கூடக் காட்டும். ஒரு நாள் வேர்வையில நழுவி 11னு காட்டுனதும் பயந்தே போயிட்டேன், தொடைச்சு இறுக்கிக் கட்டுனா 7.

மொத்தம் எட்டு செஷன். மொத நாலுல முழுக்க பீப், அஞ்சாவதுல இருந்து பீப்பைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டாங்க, கடைசி நாள் அரை மணி நேர ஓட்டத்துல மூணு நிமிஷம் தான். 2011ல க்ரோவெல், டேவிஸ் ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வுல பீப்புக்குப் பதிலா ஸ்க்ரீன்ல காட்டுனாங்க, அதையும் இப்படித் தான் குறைச்சிருக்காங்க, அதையே நம்பி ஓடிப் பழகிட்டா கழட்டுன அன்னைக்கே கால் பழையபடி போயிடும்ங்கறது காரணம். எனக்கு ஆறாவது செஷன் தான் ரொம்பக் கஷ்டம், சத்தம் நின்னதும் சரியா போறேனா இல்லையான்னே தெரியல, பாதம் பெல்ட்ல படுற ஓசையை அப்பத் தான் கவனிக்க ஆரம்பிச்சேன்.

கடைசியா அளந்தப்போ வலது கால் 6.2. இப்ப மூணு மாசமாச்சு, வலி இல்லாம நாலு ரவுண்டு ஓடுறேன். நேத்து கடைசி ரவுண்டுல அசந்து போனப்போ வலது கால் தப்பு தப்புன்னு விழுறது ஹெட்போன் இல்லாமலே கேட்டுச்சு, அடியைக் கொஞ்சம் சுருக்குனேன், ஒரு இருபது அடியில அந்த சத்தம் அடங்கிடுச்சு.