வேலூர் மாநகராட்சித் தேர்தலில் ஒரு சிறிய கட்சியின் முகவராக

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுள் சத்துவாச்சாரிப் பக்கத்து வார்டு ஒன்றில், பதிவு பெற்றிருந்தும் அங்கீகாரம் பெறாத ஒரு சிறிய கட்சியின் வேட்பாளருக்கு நான் தேர்தல் முகவராக இருந்தேன். வேட்பாளர் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் பெண்மணி. எந்தக் கூட்டணியிலும் இடம்பெறாத கட்சி நகரத் தேர்தலில் எங்கெங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை இனி நிற்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

வேட்புமனுத் தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை நடந்தது. மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பணத்தைக் காட்டிலும் எங்களுக்குக் கடினமாக இருந்தது முன்மொழிபவரைத் தேடுவதுதான். வேட்பாளர் மாநகராட்சிக்குள் எந்த வார்டின் வாக்காளராகவும் இருக்கலாம். ஆனால் முன்மொழிபவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். பெரிய கட்சிக்கு வட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடும் இந்த வேலை, எங்களுக்குத் தெருத் தெருவாக அலைய வேண்டிய வேலையாயிற்று. மளிகைக் கடைக்காரர் ஒருவர் முதலில் மனமுவந்து ஒப்புக்கொண்டு, மறுநாள் காலையில், "உங்க மேல மரியாதை இருக்கு சார், ஆனா நான் கடை வச்சுப் பொழைக்கிறவன், எல்லாக் கட்சிக்காரங்களும் வந்து போற இடம்" என்று தயக்கத்தோடு மறுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியை அணிந்து படித்து, வேட்பாளரின் சொத்து விவரத்தில் இருந்த ஓர் எழுத்துப் பிழையையும் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளையும் முன்பே எடுத்து வைத்திருந்ததால், 5ஆம் தேதி நடந்த பரிசீலனையில் எங்கள் மனு தடையின்றி ஏற்கப்பட்டது.

அடுத்தது சின்னம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் சின்னங்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சுவரிலும் மனத்திலும் பதிந்து கிடக்கின்றன. எங்களுக்கோ மனுக்களைத் திரும்பப் பெறும் நாளான பிப்ரவரி 7 மாலையில்தான் சின்னம் உறுதியாயிற்று. 17ஆம் தேதி மாலையில் பரப்புரை முடிந்துவிட்டது. இடையில் கிடைத்த பத்து நாட்களுக்குள் துண்டறிக்கை அச்சிட்டு, அந்தச் சின்னத்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. கூட்டணியில் சேரும் சிறிய கட்சிகள் சில நேரங்களில் தலைமைக் கட்சியின் சின்னத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். இதே வேலூரில் 2009 மக்களவைத் தேர்தலில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த அப்துல் ரகுமான் உதயசூரியன் சின்னத்தில்தான் வென்றார். இடம் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் கட்சியின் சொந்த அடையாளம் வாக்காளர் கண்ணில் படாமலே போகிறது.

வீடு வீடாகப் போனபோது நான் அதிகம் கேட்ட மறுமொழி எங்கள் கொள்கையைப் பற்றியதே அன்று. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டப்பட்ட ஒரு தெருவில், குடத்தை இடுப்பில் வைத்தபடியே எங்கள் பேச்சை முழுமையாகக் கேட்ட ஒரு பாட்டி, "நீ நல்ல பொண்ணாத்தான் இருக்கே கண்ணு, ஆனா மேயரு யாரு ஆளோ அவங்க ஆளு இருந்தாத்தானே நம்ம தெருவுக்குத் தண்ணி வரும்" என்றார். இந்தக் கேள்விக்கு அடியில் சட்டத்தின் மாற்றம் ஒன்று இருக்கிறது. 2011 தேர்தலில் மேயருக்குத் தனியாகவும் மாமன்ற உறுப்பினருக்குத் தனியாகவும் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். ஆகவே மேயருக்கு ஒரு கட்சியும் வார்டுக்குத் தெரிந்த நல்ல மனிதரும் என்று பிரித்துப் போட வழி இருந்தது. 2019இல் அது மாமன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலாக மாற்றப்பட்ட பிறகு, கையில் இருப்பது ஒரே வாக்கு. அந்த ஒரு வாக்கைக் கொண்டே மேயரையும் முடிவு செய்ய வேண்டும் என்று மக்கள் நினைக்கும்போது, சிறிய கட்சியின் வேட்பாளர் எவ்வளவு தகுதியுள்ளவராக இருந்தாலும் கணக்குக்கு வெளியே போய்விடுகிறார்.

வாக்குப்பதிவு நாளில் எங்கள் பலவீனம் வாக்குச்சாவடி முகவர்கள்தாம். காலை 7 மணிக்கு முன்பே நடக்கும் மாதிரி வாக்குப்பதிவிலிருந்து மாலை 6 மணிக்கு இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் வரை ஒரு சாவடிக்கு ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். நடுவில் சாப்பிட எழுந்தால் மாற்றி அமர இன்னொருவர் வேண்டும். எல்லாச் சாவடிகளுக்கும் எங்களிடம் ஆள் இருந்தது, மாற்று ஆள் இல்லை. கல்லூரி மாணவர்கள் சிலர் கைக்குட்டையில் பிஸ்கட் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டு பசியோடு கடைசி வரை இருந்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

22ஆம் தேதி எண்ணிக்கையில் நாங்கள் மூன்றாம் இடம் வந்தோம்; வைப்புத்தொகை திரும்பவில்லை. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் அது திரும்பும். வார்டில் 3,600 வாக்குகள் விழுந்தால் 600க்கு மேல் வேண்டும் என்பது கணக்கு. மாநிலம் முழுவதும் பார்த்தாலும் நிலை இதுதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் 6 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்ற நாம் தமிழர் கட்சிக்கு, அடுத்த ஆண்டு 21 மாநகராட்சிகளின் 1,374 வார்டுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. தனித்து நின்ற பாட்டாளி மக்கள் கட்சிக்கு 5 வார்டுகள். திமுக கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சிக்கு 24, விடுதலைச் சிறுத்தைகளுக்கு 16. சிறிய கட்சிக்கு வாக்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்; மூன்றாம் இடம் வந்த நாம் தமிழர் வேட்பாளர் பெற்றதோ ஏறத்தாழ 27 ஆயிரம். ஊரெங்கும் மெல்லிதாகப் பரவிக் கிடக்கும் வாக்கு முடிவைத் திருப்பலாம். ஒரு வார்டை வென்று தராது. ஒரே இடத்தில் அடர்ந்து நிற்கும் வாக்குதான் வார்டைத் தரும்.

ஆகவே எல்லா வார்டுகளிலும் ஆளை நிறுத்திப் பெயரைப் பதிவு செய்வதைவிட, நாலைந்து வார்டுகளைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே வேலை செய்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. எண்ணிக்கை மேசையில் சாவடி வாரியாக நான் குறித்துக்கொண்ட தாளில், இரண்டு சாவடிகளில் எங்கள் வேட்பாளர் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தார். இரண்டும் அவர் தைத்துக் கொடுக்கும் தெருக்கள். தேர்தல் செலவுக் கணக்கை 30 நாட்களுக்குள் ரசீதுகளோடு ஒப்படைத்தோம். அதைத் தவறவிட்டால் அடுத்து நிற்கும் தகுதியே பறிபோகக்கூடும். அதன் பின்னர் அந்த இரண்டு சாவடிகளின் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு, பெயர் விடுபட்டவர்களைச் சேர்க்கும் வேலையைத் தொடங்கினோம்.