வாக்கிடாக்கி வாங்குமுன் கிளப்புக்குப் போங்கள்

ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஆசை வந்ததும் பலர் முதலில் செய்வது சென்னை ரிச்சி தெருவுக்கோ ஆன்லைனுக்கோ போய் ஒரு சீன ஹேண்டியை, அதாவது கையடக்க வாக்கிடாக்கியை வாங்குவதுதான். வரிசை தப்பு. லைசென்ஸ் இல்லாமல் பிடிடி பட்டனை (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) அழுத்துவது குற்றம். லைசென்ஸ் வாங்கி அழுத்தினாலும், தண்டையார்பேட்டை சந்து வீட்டுக்குள்ளிருந்து அந்த ரப்பர் ஆன்டெனாவின் சத்தம் எவ்வளவு தூரம் போகும்?

ஹாம் கிளப்பில் சேர்ந்தால் சேவை, நட்பு எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் வருடத்தில் உண்மையில் உதவுவது இரண்டு. 'மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, குரல் உடையுது' என்று சொல்ல மறுமுனையில் ஒரு காது. வருடத்தில் இரண்டு நாள் மட்டும் தேவைப்படும் ஆன்டெனா அனலைசரை (ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டும் கருவி) இரவல் தர ஓர் ஆள்.

அனலைசர் எதற்கு என்றால், 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள்) ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனாவை நீங்களே செய்துவிடலாம். கேபிள் மாட்டும் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, பித்தளைக் கம்பி ஐந்து துண்டு, அவ்வளவுதான். நடுவில் நிற்கும் கம்பி 49 செ.மீ. சாக்கெட்டின் நாலு மூலை ஓட்டைகளில் 52 செ.மீ. கம்பிகள், 45 டிகிரி கீழே சாய்த்து. சாய்க்காமல் படுக்கையாக விட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு சுமார் 36 ஓம் காட்டும். சாய்த்தால் கேபிளின் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நடுக்கம்பியை முதலில் 51 செ.மீ. விட்டு, அனலைசரைப் பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். ஒரு செ.மீ. வெட்டினாலே ஆன்டெனா பொருந்தும் அலைவரிசை ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும் என்பதால் ஒரே வெட்டில் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

அடுத்தது கேபிள். மலிவு என்று ஆர்ஜி-58 வாங்கி, மாடியிலிருந்து கீழ்வீடு வரை 20 மீட்டர் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் அனுப்பி மேலே சேர்வது 2 வாட்தான். அதே தூரத்துக்கு ஆர்ஜி-213 போட்டால் 3 வாட்டுக்கு மேல் சேரும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய பகை உப்புக்காற்று. கனெக்டரில் மின்சார வேலைக்குப் போடும் பிவிசி டேப் சுற்றி விட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓடு வேய்ந்தது போல மேல்சுற்று கீழ்சுற்றை மூடி, தண்ணீர் வழிந்துவிடும். உள்ளே ஒருமுறை தண்ணீர் போனால் பின்னல் செம்பில் களிம்பு ஏறி, சில மாதத்தில் கறுத்துவிடும். இதில் ஒரு வஞ்சனை உண்டு. அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து ஆன்டெனாவின் பொருத்தத்தைச் சொல்வது எஸ்டபிள்யூஆர்; எண் குறைந்தால் நல்லது. கேபிள் கெடக் கெட எஸ்டபிள்யூஆர் மீட்டர் நல்ல எண்ணாகக் காட்டும்! திரும்பி வர வேண்டிய சக்தியையும் கேபிளே தின்றுவிடுகிறதே. அதனால் புதுக் கேபிள் போடும் அன்றே, மாடி முனையை எதிலும் மாட்டாமல் விட்டு, கீழ்முனையில் அனலைசரை வைத்து, வரும் எஸ்டபிள்யூஆர் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே சோதனையில் எண் குறைந்திருந்தால் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிக்கை (பேசும் ரேடியோ பெட்டி) வைத்து இதைச் செய்யாதீர்கள், சக்தியை வெளியே அனுப்பும் பைனல் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஷார்ட்வேவில் இடம்தான் தலைவலி. 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேரும் இரு கை கம்பி ஆன்டெனா) 20 மீட்டர் கம்பி வேண்டும். வண்ணாரப்பேட்டை மாடிகளில் அந்த நீளத்துக்கு எங்கே போவது? நடுவை உயர்த்தி இரு முனைகளையும் தாழ்த்தி, தலைகீழ் வி வடிவில் கட்டினால் அடங்கும். முனைகள் யார் கைக்கும் எட்டக் கூடாது, பேசும்போது அங்கே உயர் மின்னழுத்தம் இருக்கும். ஈபி லைனுக்கு மேலேயோ பக்கத்திலேயோ கட்டவே கூடாது. இரைச்சல் அதிகமென்றால் ரிக்கைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டு எல்இடி பல்போ இன்வெர்ட்டரோ. நிற்கவில்லையா, தெருவில் தேட வேண்டும்.

இனி கசப்பான பக்கம். 12 வயது நிறைந்தவர் யாரும் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். லைசென்ஸில் கீழ்ப்படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறிகள்) தேவையில்லை. மேல்படியான ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். விண்ணப்பித்துக் கால்சைன் (ரேடியோவில் உங்கள் அடையாளப் பெயர்) கையில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கேட்பது மட்டுமே. கிளப் கூட்டம் தெற்கே எங்காவது நடந்தால் பஸ்ஸிலேயே அரை நாள் போகும். வாட்ஸாப்பில் குட்மார்னிங் படங்கள் குவியும். காலை நெட்டில் (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரம்) பாதி நேரம் சுகர், பிரஷர் பேச்சு. இரண்டு சீனியர்கள் எதற்கு முறைத்துக்கொண்டார்கள் என்று கடைசிவரை தெரியாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு காலை நெட்டில் தவறாமல் பெயர் கொடுங்கள். வெள்ளம், புயல் வரும்போது செய்தி வாங்கிக் கொடுக்கும் ஒழுங்கு அங்கேதான் கைக்குப் பழகும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து ஹாம் பாரதி பிரசாத் குழுவினர் உடனே செய்தி அனுப்ப முடிந்ததற்குக் காரணம், வேறு வேலைக்காக அங்கே நிலையம் அமைத்து ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததுதான்.

ரிப்பீட்டர் (உங்கள் குரலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் கூப்பிட்டால் திறக்கவில்லை என்றால் ஹேண்டி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். 2 மீட்டரில் வழக்கமாக அனுப்பும் அலைவரிசை கேட்பதைவிட 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும்; அந்த வித்தியாசத்தையோ (ஆஃப்செட்), ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் ஒலியையோ போட மறந்திருப்பீர்கள். திறந்த பிறகும் பட்டனை அழுத்தி அரை விநாடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் கால்சைனின் முதல் எழுத்து யாருக்கும் கேட்காது.