பஞ்சாரத்துக்குள் சாம்பி

16 மார்ச் 2025, ஞாயிறு

காலையில் தீனி போடக் கூண்டைத் திறந்தால் 13 கோழிதான் வாசலுக்கு ஓடி வந்தது. 14ஆவது, மூலையில் சுவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. சாம்பி. (சாம்பல் நிறம், அதனால் சாம்பி. எங்கள் வீட்டில் பெயர் வைக்கிற லட்சணம் அவ்வளவுதான்.) வாலடியில் ஒரு இறகுகூட இல்லை. உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. நான் குனிந்து தூக்குவதற்குள் செவலைக்கோழி ஓடி வந்து அதே இடத்தில் இன்னொரு கொத்து போட்டது. அலகு நுனியெல்லாம் ரத்தம்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பேசாம குழம்பு வச்சிருடி. நாளைக்குச் செத்துப்போனா அதுவும் ஆகாது" என்றாள். "புண்ணு புடிச்ச கோழிய யாரு திங்கிறது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பரணில் கிடந்த பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை) அவளே இறக்கிக் கொடுத்தாள்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, முக்கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவினேன். பெட்டாடினை டீ நிறத்துக்குக் கலந்து விட்டேன். சாம்பி கத்தவே இல்லை. கத்தியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். திண்ணையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே விட்டாயிற்று.

17 மார்ச்

திண்ணையில் ஈ வரும் என்பது எப்படித் தோன்றாமல் போனதோ. சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தால் புண்ணின் ஓரத்தில், இறகு முளைக்கும் குழிகளுக்குப் பக்கத்தில், வறுக்காத ரவையை அப்பி வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. ஈ முட்டை. இந்த வெயிலுக்கு ஒரே நாளில் புழுவாகிவிடும், அப்புறம் கோழி தாங்காது.

மகன் டார்ச் பிடிக்க, புருவம் எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒட்டிக்கொண்டிருந்ததை உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வழித்தேன். கடைசியில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் புண்ணைச் சுற்றித் தடவினேன். அம்மா மாட்டுப் புண்ணுக்குச் செய்வது அது. முக்கால் மணி நேரம் ஆனது. மகன் முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மா, அந்தா அங்க ஒண்ணு" என்று அவனே காட்ட ஆரம்பித்துவிட்டான்.

பஞ்சாரத்துக்கு மேலே பழைய கொசுவலை போட்டிருக்கிறேன். ராத்திரி வீட்டுக்குள்ளேதான்.

18 மார்ச்

கால்நடை மருந்தகத்துக்குக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்து ஒருவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு ஊசி போட்டார். கட்டுப் போடக்கூடாது, காற்றுப் பட வேண்டும் என்றார். புண் மேலே பூச ஊதா மருந்து கொடுத்தார். "கிருமிக்கும் ஆச்சு, சிவப்பையும் மறைச்சிடும். சிவப்பு தெரிஞ்சா மத்த கோழி விடாது." ஊசி போட்டிருப்பதால் கொஞ்ச நாளைக்கு இதன் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்றும் சொன்னார். முட்டை போடுகிற நிலையில் அது இல்லை என்று அவருக்கும் தெரியும்.

ஊதா என் நகக்கண்ணில் ஏறிவிட்டது. சோப்புக்குப் போகவில்லை.

20 மார்ச்

இரண்டு நாளாகத் தீனியே எடுக்காமல் இருந்தது. எச்சம் பச்சையாகப் போனது, வெறும் வயிறு. இன்றைக்கு அவித்த முட்டையை உதிர்த்துத் தயிரில் பிசைந்து வைத்தேன். "கோழிக்கே முட்டையா?" என்றான் மகன். ஒரு கொத்து, நிறுத்தம், என்னை ஒரு பார்வை. அப்புறம் கிண்ணம் காலி. ராத்திரி கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று இருந்தது.

23 மார்ச், ஞாயிறு

ஒரு வாரமாகச் செவலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கூண்டை அளந்தேன். 5 அடிக்கு 4 அடி, 20 சதுர அடி. ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்றாலும் 10 கோழிக்குத்தான் இடம். இருந்தது 14. அதில் 5 விடைக்கோழி (இன்னும் முட்டை போட ஆரம்பிக்காத இளசு), போன மாதம் சந்தையில் வாங்கி நேராக உள்ளே விட்டவை. தெருநாய்த் தொல்லைக்குப் பயந்து மூன்று வாரமாகப் பகலிலும் அடைத்தே வைத்திருந்தேன். மேலே தகரம், மதியம் அடுப்பு மாதிரி கொதிக்கும். தீனித் தொட்டி ஒன்றே ஒன்று. வெறும் நொய்யும் கம்பும்தான் தீனி, புண்ணாக்கு தீர்ந்து வாங்கவே இல்லை. இறகு முக்கால்வாசிக்கு மேல் புரதம். தீனியில் அது குறைந்தால் ஒன்றின் இறகை இன்னொன்று பிடுங்கும். இத்தனையும் செய்துவிட்டுச் செவலையைக் குற்றம் சொல்கிறேன்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரப் எப்பே 1921இலேயே அதை ஆய்வேடாக எழுதிவிட்டார். புதுக்கோழி நுழைந்தால் வரிசையை முதலிலிருந்து போட வேண்டும், அதற்கு ஓடி ஒதுங்க இடம் வேண்டும். நான் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் கடலைப்புண்ணாக்கு வாங்கி வந்தேன். இரண்டாவது தொட்டியாகப் பெயிண்ட் டப்பா மூடி. கொல்லையைச் சுற்றிக் கம்பிவலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டாயிற்று.

29 மார்ச்

புண் பொருக்குத் தட்டிவிட்டது. நாற்றம் இல்லை. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். சாம்பி நாள் முழுக்கப் பஞ்சாரத்துக்குள் தரையைக் கீறிக்கொண்டிருக்கிறது. திண்ணை சிமெண்ட் என்பது அதற்குப் புரியவில்லை. ஒரு தாம்பாளத்தில் சாம்பலும் மணலும் வைத்தேன். பொருக்கோடு புரளலாமா என்று யோசிப்பதற்குள் புரண்டுவிட்டது.

5 ஏப்ரல்

வலை அடித்தாயிற்று, பகலில் எல்லாம் கொல்லையில். புண்ணும் மூடிவிட்டது என்று சாம்பியைக் கொண்டுபோய் விட்டேன். மூன்று நிமிடம்கூட இல்லை. செவலை நேராக வந்தது, பின்னாலேயே விடைக்கோழிகளும். நேற்று வந்த விடைக்கோழிகூடக் கொத்துகிறது! சேவல் குப்பைமேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. இதற்குத் தினம் மூன்று வேளை தீனி ஒரு கேடு.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தோல் தப்பியது. 20 நாள் கண்ணில் படாததால் அதை மறந்தே போயிருக்கின்றன. திண்ணையில் வைத்துக் காப்பாற்றியதோடு, வெளியூர்க்காரியாகவும் ஆக்கிவிட்டேன்.

6 ஏப்ரல்

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வலைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டே கேட்டார். "அடிபட்டவள எதுக்கு ஜெயில்ல வச்சிருக்க? அடிச்சவளப் புடிச்சு உள்ள போடு."

நாற்பது வருடமாகக் கோழி வளர்க்கிறவர். சரி என்று, செவலையைப் பிடித்தேன். வீட்டுக்குப் பின்னால், மற்றவை கண்ணில் படாத இடத்தில், அதே பஞ்சாரம். சாம்பியை ராத்திரி எல்லாம் அடைந்த பிறகு, இருட்டில், கூண்டுக்குள் அவை உட்காரும் கட்டையின் ஓரத்தில் ஏற்றிவிட்டேன். விடியும்போது பக்கத்தில் இருப்பது யாரென்று பார்த்துக்கொள்ளட்டும்.

7 ஏப்ரல்

விடிவதற்கு முன்பே போய் நின்றேன். சின்னச் சின்னக் கொத்து, கொண்டையில் ஒன்று. சாம்பி ஒதுங்கிப் பெயிண்ட் மூடிக்குப் போய்விட்டது. யாரும் துரத்தவில்லை. செவலை இல்லாமல் விடைக்கோழிகளுக்குத் தைரியம் இல்லை.

11 ஏப்ரல்

செவலை பஞ்சாரத்துக்குள் கத்தித் தீர்க்கிறது. அம்மாவுக்கு அது செல்லம். "பாவம்டி, வாயில்லா ஜீவன்" என்கிறாள். குழம்பு வைக்கச் சொன்னவள்.

13 ஏப்ரல்

ஒரு வாரம் ஆகிவிட்டது, செவலையை விட்டேன். உள்ளே போனதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. முதலில் மோதியது சேவல்தான், அதற்கு இப்போதுதான் வீரம் வந்திருக்கிறது. பிறகு வெள்ளைக்கோழியோடு ஒரு சண்டை. சாம்பியிடம் வருவதற்குள் பாதி வேகம் போய்விட்டது. ஒரு கொத்து, சாம்பி நகர்ந்தது, செவலை தீனிக்குப் போய்விட்டது.

14 ஏப்ரல்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடிக்கு நடுவே மூன்று தடவை கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். சாம்பியின் வாலடியில் முள் மாதிரி நீலக் குருத்துகள் எட்டோ ஒன்பதோ. இறகு வருகிறது. குருத்துக்குள் ரத்தம் ஓடும், அது மறுபடி கண்ணை இழுக்கும் என்பதால் மேலே இன்னொரு பூச்சு ஊதா.

இன்றைக்குச் செவலை கொத்தியது நாலு தடவை. நேற்று ஏழு.