பிரீமியர் பத்மினி: இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்

பழைய கார் ஒன்று வாங்கி ஓட்ட வேண்டும் என்று கிளம்பியபோது எனக்கு முதலில் ஆசை ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல்தான். சென்னையிலேயே செய்த கார், முன்பக்கம் மொத்தமாக எழுந்து திறக்கும் பானட். ஆனால் கோயம்புத்தூரில் நான் விசாரித்த மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: வண்டி கிடைக்கும், சாமான் கிடைக்காது. அம்பாசடரை நிறுத்த வீட்டில் இடம் போதாது. மிச்சம் இருந்தது பத்மினி.

1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று மும்பையில் தயாரிக்கத் தொடங்கிய கார் இது. 1974-இல்தான் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர், பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங் ராடிலேயே கியர். தயாரிப்பு நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடிக்கொண்டிருந்தது. முதல் முறையாகப் பழைய கார் வாங்குகிறவருக்கு இது பெரிய உபகாரம். டாக்சிக்காரருக்குத் தேவைப்பட்ட பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், தீப்பொறிக்கான பாயின்ட், கண்டென்சர் எல்லாம் இன்றைக்கும் கிடைக்கின்றன. அவர் கவலைப்படாத குரோம் பட்டை, கிரில், விளக்குக் கண்ணாடி போன்றவற்றுக்குத்தான் அலைய வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு வயதான மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போனேன். அந்தக் காசு வீண் இல்லை. விற்கிறவர் பானட்டைத் திறந்து இன்ஜினை உறுமவிட்டுக் காட்டுவார். இவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தட்டிக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "இன்ஜினை எப்ப வேண்ணாலும் பிரிச்சுச் சேத்திக்கலாம் தம்பி. தகரம் போச்சுன்னா போச்சு" என்றார்.

காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஹெரால்டு மாதிரி இதற்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் சேசிஸ். தரை, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் மடிப்புத் தகரம், ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் வந்து சேரும் இடம் ஆகியவை துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் எலும்பே போகிறது. அதன்மேல் பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் போட்டோவில் புது வண்டி மாதிரி இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு எல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. பேட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள், ஆசிட் சிந்திச் சிந்தி ஓட்டை விழுந்திருக்கும்.

தகரத்துக்கு அடுத்தபடி தாள். சொல்லப்போனால் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தகரத்தையாவது வெல்டிங் வைக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வண்டி பார்த்தோம். ஒரே குடும்பம் வைத்திருந்தது, தரை கல்லு மாதிரி இருந்தது. ஆனால் ஆர்.சி. இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில். முதலில் வாரிசுகளில் ஒருவர் பெயருக்குப் படிவம் 31 போட்டு மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அந்த வாரிசுகளுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்று டீக்கடையில் தெரிந்தது. விட்டுவிட்டோம். இன்னொன்றில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்திருந்தார்கள், ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருந்தது. இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வரி என்று தனிப் படலமே இருக்கிறது.

கடைசியில் ஈரோட்டுப் பக்கம் அமைந்தது ஒரு 1986 மாடல். பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, இன்ஜின் புகை கக்கிக்கொண்டு இருந்தது. தரை நன்றாக இருந்தது, உரிமையாளர் உயிரோடு இருந்தார், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். ஒன்றே கால் லட்சம் கொடுத்தேன். நண்பர்கள் எல்லாம் இதுக்கா இவ்வளவு என்றார்கள். மெக்கானிக்குக்கு மட்டும் சிரிப்புத் தாங்கவில்லை, அவ்வளவு திருப்தி.

புகைக்கு வழி சுலபமாகவே கிடைத்தது. லேத்தில் கொடுத்து சிலிண்டரை போர் செய்து, அதாவது உள்பக்கம் கடைந்து, புதுப் பிஸ்டன், ரிங் போட்டோம். கோயம்புத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? டிங்கரிங் என்கிற தகர வேலைதான் ஆளைத் தின்றது. தரை நன்றாக இருந்த இந்த வண்டிக்கே கதவுகளின் அடிப்பகுதியை வெட்டி ஒட்டி, பெயின்ட் முடிக்க இன்ஜின் செலவைப் போல இரண்டு மடங்கு ஆனது. பட்டறையில் சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள், மனசுதான் கெடும்.

ஓட்டப் பழகுவது தனிக் கதை. காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பல நாள் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணம் வறண்டிருக்கும், பெட்ரோல் ஏறும்வரை பொறுமை வேண்டும். பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். முன்னால் போகும் புதுக் கார் டக்கென்று நிற்கும், நம் வண்டி நிற்க நேரமெடுக்கும். அந்த இடைவெளியை விட்டு ஓட்டினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

கோடையில் அவிநாசி ரோடு நெரிசலில் வண்டி சும்மா நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருப்பதால், சூட்டில் உள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. பானட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். வாட்டர் பாட்டிலும் பழைய துண்டும் டிக்கியில் நிரந்தரம்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கும் பம்ப் டயஃப்ரமுக்கும் இது ஆகாது. உப்பி, வெடித்து, கசியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டு இல்லை. எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றி, இடையில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டரும் வைத்தேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் டேங்கில் பெட்ரோலைப் போட்டு மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை மருதமலை வரை ஒரு ஓட்டம். முன்சக்கரப் பக்கம் கிரீஸ் நிப்பிள்களுக்குத் தவறாமல் கிரீஸ், அப்பப்போ பாயின்டைச் சுத்தம் செய்து அதன் இடைவெளியைச் சரியாக வைப்பது இவற்றை நானே செய்கிறேன். கார்புரேட்டர் டியூனிங்கை மட்டும் இன்னும் அந்த மெக்கானிக் பெரியவர் காதுதான் முடிவு செய்கிறது.

அரசாங்கக் கணக்கு தனி. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு, கட்டணம் 20,000 ரூபாய். என் வண்டிக்கு அந்த வயது வரவில்லை, வந்தாலும் போகப்போவதில்லை. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஆகவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும், விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்ய வேண்டும், பழைய வண்டிக்கான பசுமை வரி கட்ட வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-இல் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கே தடை என்ற பேச்சை நினைத்தால், சரி, கட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது.

பெயின்ட் காய்வதற்குள் தெருவில் கல்யாண வாடகைக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்றால் யாரும் நம்புவதில்லை, கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா மகள் கல்யாணத்துக்கு மட்டும் சும்மா ஓட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் இடது பக்கப் பின் விளக்குக் கண்ணாடி கிடைக்க வேண்டும்.