கணக்குக் குச்சியும் கறவை மாடும்

வங்கிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் ஆனாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கதவைப் பாதி இறக்கியதும் பேரேடுகளைக் கூட்டி ‘டேலி’ பார்க்க வேண்டும். ஒரு நாள் 450 ரூபாய் உதைத்தது. எட்டரை மணி வரை வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிளைக் கணக்காளர் அருகில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, 450 ஒன்பதால் வகுபடுகிறது, பாருங்கள். எங்கேயோ எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்” என்றார். 270 என்பதை 720 என்று பதிந்திருந்தேன்.

அன்று பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அவர் கேட்டார்: “தினமும் டேலி, டேலி என்கிறோமே, அது என்னவென்று தெரியுமா? வெட்டிய குச்சி.”

பிறகு அதைத் தேடிப் படித்தேன். ‘தாலியா’ என்ற லத்தீன் சொல்லுக்கு வெட்டிய குச்சி என்று பொருள். இடைக்கால இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் வரவுக்கான ரசீதே குச்சிதான். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு. 100 பவுனுக்குக் கட்டைவிரல் அகலம். 20 பவுனுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுனுக்கு முற்றிய பார்லி மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் கட்டியவருக்கு நீளமான பாதி, கருவூலத்துக்குக் குட்டையான பாதி. கணக்கு பார்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருவர் தன் பாதியில் கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால் அடுத்த பாதி காட்டிக்கொடுத்துவிடும். நீளமான பாதியின் பெயர் ‘ஸ்டாக்’. பழைய ஆங்கிலத்தில் அது அடிமரத்தைக் குறித்த சொல்.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலால் தடவிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ரசீது அது. எங்கள் ஊரில் பால்காரம்மா சுவரில் சாணிப் பொட்டு வைத்துக் கணக்கு வைத்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மாதக் கடைசியில் என் அம்மாவும் அவரும் அந்தப் பொட்டுகளைச் சேர்ந்தே எண்ணுவார்கள். 1826 வரை இங்கிலாந்தில் குச்சிகள் புழங்கின. 1834 அக்டோபர் 16 அன்று, குவிந்து கிடந்த பழைய குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது, தீ பரவி அந்தக் கட்டடமே எரிந்துபோனது.

சில ஆண்டுகளில் என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ‘மார்ட்கேஜ்’, அதாவது அடமானம். பழைய பிரெஞ்சில் ‘மோர்’ என்றால் இறந்த, ‘காஜ்’ என்றால் ஈடு, செத்த ஈடு. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு ஆங்கிலத்துக்குள் வந்த சொல். ஏன் இந்தப் பெயர் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் விளக்கம் தந்திருக்கிறார்: கடனைக் கட்டாவிட்டால் கடன் வாங்கியவனைப் பொறுத்தவரை நிலம் செத்தது; கட்டிவிட்டாலோ ஈடு செத்தது. ஒரு முறை வயதான விவசாயி ஒருவர் மூலப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்காமலே நின்றார். “கட்டி முடிக்கிற அன்று செத்துப்போவது இந்த அடமானம்தான், ஐயா. நிலம் உங்களுடையது” என்றேன். கையை எடுத்தார். படிவத்தில் அச்சிட்டிருந்த எந்த வரியும் அவருக்கு அதைச் சொல்லியிருக்காது.

இவற்றையெல்லாம் விட என் மனத்தில் ஆழமாக இறங்கிய சொல் மிகச் சிறியது: ‘ஃபீ’, அதாவது கட்டணம். ஒவ்வொரு கடன் விண்ணப்பத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெயோ’ என்றால் மாடு. செல்வமும் அதுவே, பணமும் அதுவே. இன்றைய ‘ஃபீ’ நார்மன் பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தது என்றாலும், அதன் வேரும் அதே ஜெர்மானிய மாட்டுச் சொல்தான் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் கால்நடைக்கு ‘ஃபீ’ என்றே பெயர். லத்தீனிலும் ‘பெக்கு’ என்ற மாட்டிலிருந்துதான் ‘பெக்கூனியா’ என்ற பணம் பிறந்தது. படிக்கப் படிக்க எனக்குத் திருக்குறள்தான் காதில் ஒலித்தது: “கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை.” 400ஆம் குறள். மாடு என்றால் செல்வம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். எங்கோ ஒரு குளிர்நாட்டு உழவனும் அப்படியேதான் நினைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே கறவை மாட்டுக் கடனுக்காக ஒரு வீட்டுக்கு ஆய்வுக்குப் போனேன். மாட்டின் காதில் இருந்த வில்லையில் எண் சேறு படிந்து மறைந்திருந்தது. அந்த அம்மா முந்தானையால் அதைத் துடைத்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். மாடு தலையை ஆட்ட ஆட்ட, நான் எழுதிக்கொண்டேன். கிளைக்குத் திரும்பி விண்ணப்பத்தை நிரப்பும்போது ‘ஃபீ’ என்ற கட்டம் வந்தது. தொகையை எழுதுவதற்கு முன் பேனாவைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.