ஓடாத நாயும் ஒரு மானும்

ஊருக்கு லீவில் வந்தால் சம்பளம், குளிர், சாப்பாடு பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்து வந்தேன். நியூசிலாந்தில் வாங்கனுயி பக்கம் ஒரு மாட்டுப்பண்ணையில் எனக்கு வேலை. தங்கச்சி மகன் என் போனை நோண்டியதில் முதலாளியின் நாயும் பக்கத்தில் சுட்ட மானும் இருந்த போட்டோ அகப்பட்டுவிட்டது. "மாமா, ஜெயில்ல போட மாட்டாங்களா?" என்றான். வளவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கேட்டது நியாயம்தான். இங்கே 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி மானைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி நமக்குப் பக்கத்து ஊர் வேறு.

அங்கே கதை தலைகீழ். வௌவாலைத் தவிர தரையில் வாழும் பாலூட்டி எதுவும் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகவே மானைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்ன புலியோ செந்நாயோ கிடையாது, அது பாட்டுக்குப் பெருகிக் காட்டையும் மேய்ச்சலையும் மொட்டையாக்கிவிட்டது. 1930களிலிருந்து அரசாங்கமே ஆள் வைத்துச் சுட்டது. எங்கள் பக்கம் இருப்பது ஃபேலோ மான். கறுப்பிலும் உண்டு, கோடையில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு நிற்பதும் உண்டு, அதன் கொம்பைப் பார்க்காவிட்டால் நம் புள்ளிமானேதான். முதல் தடவை பார்த்தபோது இதையா சுடப்போகிறோம் என்று எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் பொழுது சாய எட்டு மணிக்கு மேலாகும். சாயங்காலக் கறவை முடித்துக் கழுவிவிட்டுக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும், மான் காட்டோரத்திலிருந்து புல்லுக்கு இறங்குவது அப்போதுதான். முதலாளி சின்ன டப்பாவை அமுக்கிக் கொஞ்சம் பவுடரைக் காற்றில் விட்டுப் பார்ப்பார். காற்று எங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் வேறு பக்கமாகச் சுற்றிப் போவோம். நாய் பத்தடி முன்னால் நடக்கும். குரைக்காது, ஓடாது. அன்றைக்கு ஒரு சரிவில் திடீரென்று நின்று, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மூக்கை மேலே நீட்டி, தலையை மட்டும் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. பைனாகுலரில் வெகுநேரம் துழாவிய பிறகு பெரணிச்செடிக்குள் ஒரு காது அசைந்தது.

ஆனாலும் அவர் சுடவில்லை. காது தெரிந்தால் போதாது, முழு உடம்பும் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் குண்டு போய்ப் புதைய மேடும் இருக்க வேண்டும். மான் என்று நினைத்து மனுசனைச் சுட்ட கதைகள் அங்கே நிறைய. இளங்கிடா ஒன்று வெளியே வந்து பக்கவாட்டில் நின்ற பிறகுதான் வெடி வைத்தார். அது நாலு எட்டு ஓடி மறுபடி பெரணிக்குள் விழுந்துவிட்டது. அந்த இருட்டில் நாங்கள் தேடியிருந்தால் விடிந்திருக்கும், நாய் மோந்துகொண்டே போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டது. அங்கேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துவிட்டோம், சூடு ஆறுவதற்குள் எடுக்காவிட்டால் கறி கெட்டுவிடும்.

ஐயாவுக்கு மான் விஷயத்தை விட நாய் விஷயம்தான் பொறுக்கவில்லை. அவர் இளவட்டத்தில் கண்மாய்க்குள் முயல் விரட்டியதெல்லாம் சிப்பிப்பாறையை வைத்து. கண்ணால் கண்டதும் பிய்த்துக்கொண்டு பாயும் சாதி அது. "ஓடாத நாய்க்கு எதுக்குடா சோறு?" என்றார். துப்பாக்கி இருக்கும்போது நாய் ஓடினால் மான் அடுத்த மலைக்குப் போய்விடும் ஐயா, நாயிடம் அங்கே மூக்கைத்தான் கேட்கிறார்கள் என்றேன். கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பத்தா கேட்டது வேறு. "உப்புக்கண்டம் போட்டியா?" அந்த ஈரக்காற்றில் காயாது அப்பத்தா. வேட்டைக்கறியை விற்கவும் கூடாது என்பதால் முதலாளி பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார். துளிக் கொழுப்பில்லாத கறி, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கல்பாசியும் வரமிளகாயும் போட்டு என் வீட்டுக்காரி சுக்கா வறுத்தாள். ஆட்டுக்கறிக்கு ஒரு படி கீழேதான், பொய் சொல்வானேன்.

நானும் இப்போது துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். முதல் உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான். ஆள் எப்படி, கோபக்காரனா, வீட்டில் சண்டை உண்டா என்று மனைவியையும் தனியாக விசாரிப்பார்கள். இதைச் சொன்னதிலிருந்து அவள் என்னைக் கடைக்கு அனுப்பும் தோரணையே வேறாக இருக்கிறது.