தரங்கம்பாடிக் கரை, ஆயில் பெயிண்டில்: இதுவரை

சித்திரை மாத விடியலில் தரங்கம்பாடியில் எடுத்த போட்டோவை வைத்துத்தான் இந்தப் படம். கரையில் வடக்குப் பார்த்து நின்றால் இடப்பக்கம் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, வலப்பக்கம் கடல். கோட்டையை ஓரமாகச் சின்னதாக்கிவிட்டேன். எனக்கு வேண்டியது அலை அடங்கிக் கிடந்த அந்தத் தண்ணீர்.

முதலில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசினேன். மேலே போடும் சாம்பலுக்கு நடுவே அந்தச் செம்மண் நிறம் அங்கங்கே எட்டிப் பார்ப்பதில் காலை வெயிலின் சூடு வந்துவிடுகிறது.

நீலத்தில் எடுத்தது அல்ட்ராமரைன் ஒன்றுதான். அதோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். டைட்டானியம் ஒயிட், எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்) இரண்டையும் சேர்த்துக்கொண்டால் வானம், கடல், மணல் எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும். விடியற்காலை வங்கக்கடல் நீலமே இல்லை என்பது என் கட்சி. அந்த நீலம் காலண்டர்காரர்கள் பழக்கிவிட்டது.

அதிக நேரம் பிடித்தது அடிவானம். தூரத்துத் தண்ணீரை நாம் மிகச் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால் அது வானத்தின் அடிப்பகுதியை அப்படியே காட்டுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே அடர்த்தியாக ஒரு கோடு போட்டால், அலையே இல்லாவிட்டாலும் படம் பரபரக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி மட்டம் பிடித்தேன். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே மெத்தென்ற காய்ந்த பிரஷால் படுக்கைவாட்டில் இழுத்து அடிவான விளிம்பைக் கரைத்தேன். காலடிக்குப் பக்கத்துத் தண்ணீர் வேறு கதை: அங்கே உள்ளே இருக்கும் மணல் தெரியும் என்பதால் ஆக்கர் கூடுதல்.

நுரைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது. கரைக்குப் புரளும் அலையின் முகம் நிழலில்தான் இருக்கிறது. அதனால் நுரையும் ஊதாச் சாம்பல், முகட்டில் மட்டும் ஆக்கர் தொட்ட வெள்ளை. கோட்டையின் கிழக்குச் சுவருக்கு வெளிச்சம், நம்மைப் பார்க்கும் தெற்குச் சுவருக்கு நிழல்.

அடுத்த பூச்சுக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கொஞ்சம் கூட்ட வேண்டும். மேல் பூச்சில் எண்ணெய் குறைந்தால் பின்னால் வெடிப்பு விடும். (லின்சீட் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.)

மணலில் இழுத்துவிட்ட ஃபைபர் படகு ஒன்று பாக்கி. நடுவில் வைத்தால் கண் தண்ணீருக்கே போகாது. தாளில் வெட்டி கேன்வாஸ் மேல் நகர்த்திப் பார்த்ததில் கோட்டைச் சுவருக்குக் கீழே பொருந்துகிறது. வானம் இன்னும் விரலில் ஒட்டுவதால் படகுக்கு அடுத்த வாரம்தான் கை வைப்பேன். வார்னிஷ் அடிக்க எப்படியும் ஆறு மாதம் போகவேண்டும்.